அலுமினியப் படகும் செப்புத் தகடும்

1

படகுக்குள் தண்ணீர் ஊற்றும் குடும்பம் ஒன்றை எங்கள் ஊரான அனலைதீவில் யாராவது கண்டிருந்தால், இவர்களுக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். தண்ணீரை வெளியே இறைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த படகு வேலை. ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை, நோர்வேயின் மேற்குக் கரையில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டு வாசலில், நாங்கள் அதைத்தான் செய்தோம்.

என் கணவர் ஜூட் முதல்நாள்தான் அந்தப் படகைக் கொண்டுவந்திருந்தார். பதினைந்தடி நீளம், அலுமினியம், அவரைவிட வயது கூடியது. யாரோ ஒருவரின் தோட்டத்தில் புல் மூடிக் கிடந்ததை, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். இழுவை வண்டியிலிருந்து இறக்காமலே தோட்டக் குழாயை உள்ளே விட்டு, கணுக்கால் மூடும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பினார். பிறகு மூவரும் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தோம். எங்கே சொட்டுகிறதோ அங்கே ஆணி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஏழு வயதாயிருந்த எங்கள் மகள் ஆரணி ஒவ்வொரு சொட்டையும் சுற்றிச் சோக்கட்டியால் வட்டம் போட்டாள். பத்தொன்பது வட்டங்கள்.

"பத்தொன்பது ஓட்டையோ?" என்று கேட்டேன்.

"ஓட்டையில்லையப்பா. றிவெட் ஆணி கொஞ்சம் ஆடுது, அவ்வளவுதான்," என்றார் ஜூட். "வடிவான படகு. நீர் வெளிப் பெயின்ரைப் பாராதையும்."

நான் பெயின்ரைப் பார்க்கவில்லை. வட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் படகு வந்து இந்த வாரம் இரண்டு வருடம். அதற்காக மட்டும் இதை எழுத உட்காரவில்லை. அந்தப் படகுக்கு நான் செய்த ஒரு காரியத்தை யாருக்காவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தொடங்கினால், முதலில் வேறு பத்து விஷயங்களை விளங்கப்படுத்தி முடிக்க வேண்டும். எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை.

2

ஜூட் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொன்னில் பிறந்தவர். அவருடைய ஆட்கள் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கர். எங்கள் வீட்டார் அனலைதீவில் புகையிலையும் வெங்காயமும் வைத்தவர்கள். ஜூட்டின் ஆட்களுக்குக் கடல் என்றால் போகிற இடம். எங்களுக்குக் கடல் என்றால் தாண்ட வேண்டிய இடம். ஆஸ்பத்திரிக்குத் தாண்ட வேண்டும், அரசாங்கக் கச்சேரிக்குத் தாண்ட வேண்டும், பெரிய வகுப்புப் படிக்கத் தாண்ட வேண்டும்.

நாங்கள் யாராவது ஊர்காவற்றுறைக்குப் படகு ஏறினால் அம்மா வீடு கூட்டமாட்டா. பயணம் போனவரின் பின்னால் வீட்டைக் கூட்டக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மற்ற வீடுகளில் அது கொஞ்ச நேரத்துக்கு. எங்கள் வீட்டில், போனவர் கரை சேர்ந்துவிட்டார் என்ற செய்தி வரும்வரைக்கும். கைபேசி வருவதற்கு முந்திய காலத்தில் அது பின்னேரம்வரை நீளும். முற்றத்தில் பூவரசம் இலையும் கோழி எச்சமும் அப்படியே கிடக்கும்.

எனக்குப் பதின்மூன்று வயதில் ஒருநாள் பயணிகள் படகின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுபோனது. இரண்டு மணித்தியாலம் மட்டில் அலைந்தோம். பெண்கள் தேவாரம் பாடினார்கள். ஒருவர் சத்தி எடுத்தார். படகோட்டி, அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், பலகைக்கு அடியில் அறைந்திருந்த செப்புத் தகட்டைத் தொட்டுக் காட்டி, "உது இருக்குமட்டும் ஒண்டும் ஆகாது, பயப்பிடாதேங்கோ," என்றார். அது கோயிலில் வைத்துப் பூசித்துக் கொண்டுவந்த தகடு. பிறகு வேறொரு படகு வந்து கட்டி இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. முற்றம் கூட்டாமல் கிடந்தது. அம்மா விளக்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்தா. என்னைக் கண்டதும் எழுந்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினா.

ஒன்றும் நடக்காத அந்த நாளைத்தான் நான் இன்றுவரை சுமந்துகொண்டு திரிகிறேன். நடந்திருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும்.

ஆரணியின் வகுப்பாசிரியை ஒருமுறை, தீவில் பிறந்த எனக்கு நீந்தத் தெரியாது என்பதை நம்பமுடியாமல் இரண்டு தரம் கேட்டார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு யாரும் நீச்சல் பழக்குவதில்லை என்று சொல்ல வந்தேன். சொல்வதற்குள் ஆரணி, இந்த நாட்டு மொழியான நொர்ஸ்க்கில், எனக்குப் பிடிபடாத வேகத்தில் எனக்காகப் பதில் சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

3

படகு வந்த அந்தக் குளிர்காலம் முழுக்கப் படகு வேலைதான். கதவை மூட முடியாமல் பாதிப் படகு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கராஜில், தார்ப்பாயைத் தொங்கவிட்டு, பழைய ஆணிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்துவிட்டுப் புதிது வைத்தோம். வைத்தோம் என்று சொல்வது சரிதான். அந்த வேலையை ஒருவரால் செய்ய ஏலாது. நான் பழைய மெத்தை ஒன்றைப் போட்டுப் படகின் அடியில் படுத்திருந்து, ஆணியின் தலையை ஒரு பாரமான இரும்புத் துண்டால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் உள்ளே இருந்து அதன் வாலைச் சுத்தியலால் அடித்துப் பரப்புவார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அவர் இரண்டு தரம் தட்டினால் "தயாரோ" என்று கேள்வி. நான் ஒருதரம் தட்டினால் "ஓம்". இரும்பு கொஞ்சம் விலகினாலும் ஆணி கோணிவிடும், திரும்பவும் துளைக்க வேண்டும்.

"நீர் இரும்பைப் பிடிக்கிறீரோ, இல்லாட்டிக் கும்பிடுறீரோ?" என்று மேலிருந்து கேட்பார்.

"இரண்டும்தான். நீங்கள் அடியுங்கோ."

ஜூட் பேருந்துத் தரிப்பிடத்தில் பேருந்துகளைக் கழுவுகிறார். கழுவி முடித்த ஒவ்வொரு பேருந்துக்கும் ஒரு தாள் உண்டு. வேறொருவர் வந்து பார்த்துச் சரி போட வேண்டும். நான் ஊரில் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். இங்கே அந்தச் சான்றிதழ் மூன்று அலுவலகங்களுக்குப் போய்வந்து, கடைசியில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கலாம் என்ற கடிதமாகத் திரும்பியது. எங்கள் இருவரின் வேலையையும் யாராவது வந்து பார்த்துச் சரி போட வேண்டும். அந்தப் படகுக்குத்தான் சரி போட யாரும் இல்லை. அவர் சொன்னால் சரி. அதற்காகவே நான் மெத்தையில் படுத்திருந்தேன் என்று நினைக்கிறேன். கடலுக்காக இல்லை.

கடிதங்கள் எழுதுவது என் பொறுப்பு. வரிசை வீடுகளின் நிர்வாகம், பொது முற்றத்தில் படகு நிற்பதற்கு விளக்கம் கேட்டு எழுதியது. இரண்டு பக்கத்தில் பதில் எழுதினேன். ஆரணி என் தோளுக்கு மேலால் எட்டிப் படித்துவிட்டு, "அம்மா, மூண்டு தரம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீங்கள். நாங்கள் என்ன செய்தனாங்கள்?" என்றாள். இரண்டை அழித்தேன். பிறகு அனுப்புவதற்கு முன் ஒன்றைத் திரும்பச் சேர்த்தேன். வசந்தகாலம்வரை நிற்கலாம் என்று ஒரு வரியில் பதில் வந்தது.

ஆரணி வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் நொர்ஸ்க்கில்தான் பதில் சொல்வாள். சோற்றுக்கும் அப்படித்தான், குளிப்புக்கும் அப்படித்தான். ஆனால் படகைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவளையறியாமல் தமிழ் வரும். அணியம், துடுப்புக்குச் சவள், நங்கூரம், தென்மேற்குக் காற்றுக்குச் சோழகம். அவளுடைய அப்பாவுக்கு அந்தச் சொற்கள் நொர்ஸ்க்கில் தெரியாது. அதனால் அவளுக்கும் தெரியாமல் போனது. சோழகம் வீசுகிற கடல் இங்கே இல்லை என்று நான் திருத்தவில்லை.

போன வருடம் வைகாசியில் படகை இறக்க இருந்தோம். அம்மாவுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. மூன்று கிழமையில், யாரோ வருபவரின் கையில் ஒரு செப்புத் தகடு வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகலம், கோடுகளும் எழுத்துகளும் கீறியது. நயினாதீவு அம்மனின் காலடியில் வைத்து எடுத்தது.

"அணியத்துக்குள்ள வை, பிள்ளை," என்றா தொலைபேசியில். "அவருக்குச் சொல்லவேண்டாம். வேதக்கார ஆட்கள், ஏதும் நினைப்பினம்."

ஜூட் ஒன்றும் நினைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவரே அந்தோனியாரின் படம் ஒன்றை ஒட்டியிருந்தார். நான் சொல்லாததற்குக் காரணம் வேறு. அந்தப் பத்தொன்பது ஆணிகளையும் நானே பிடித்திருந்தேன். அவருடைய வேலையில் எனக்குச் சந்தேகம் என்று அவர் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது. உண்மையில் சந்தேகம் இருந்ததா என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் முன்பக்கத்துத் தரைப்பலகையைத் தூக்கி, தகட்டை அடி அலுமினியத்தோடு படிய வைத்து, மேலே வயர் சுற்றும் கறுப்பு ரேப்பை ஒட்டினேன். பலகையைப் போட்டேன். கும்பிட்டேன்.

4

அந்தக் கோடை முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் பக்கத்துத் தீவுத்திட்டு வரைக்கும் போய் மீன் பிடித்து வந்தார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை நான் வாக்கூம் மெசினால் வீடு கூட்டுவதில்லை. ஆரணி ஒருநாள் வந்து சப்பாத்தோடு உள்ளே நின்று, "ஏன் எப்பவும் நாங்கள் வந்த பிறகுதான் இந்தச் சத்தம்?" என்று கேட்டாள். வேறு வேலை இருந்தது என்றேன்.

இந்த ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார்கள். இருவரும் இடுப்புவரை நனைந்திருந்தார்கள். ஆரணிக்குக் கண் மின்னிக்கொண்டிருந்தது.

"அம்மா, தண்ணி வந்தது. பலகைக்கு மேலால வந்தது. நான் ஐஸ்கிறீம் பெட்டியால இறைச்சனான். அப்பா படகை ஓடினவர், நான் இறைச்சனான்."

எல்லாம் தமிழில் சொன்னாள். ஒரு மூச்சில் அவள் அவ்வளவு தமிழ் பேசியது அதுதான் முதல்தடவை. நான் அவளைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். காய்ந்த பிறகும் துடைத்தேன் போலிருக்கிறது. "அம்மா, காணும்," என்று துவாயைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூட் குளிக்கப் போனார்.

அந்த நேரத்தில் நான் செய்ததைத்தான் சொல்ல வந்தேன். கீழே, கராஜில் இழுவை வண்டியில் நின்ற படகுக்குப் போனேன். பலகையைத் தூக்கித் தகட்டைப் பிய்த்து எடுத்தேன். அது பச்சை பிடித்திருந்தது. அதற்குக் கீழே வெள்ளைத் தூள், கையில் மாவைப் போல ஒட்டியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உப்பு என்று நினைத்தேன். அவர் வந்து பார்க்கும்போது தகடு அங்கே இருக்கக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. ஒரு கிழிந்த காலுறைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்தேன்.

மறுநாள் அவர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். ஆணிகளில் எதுவும் பிழையில்லை. தகடு இருந்த இடத்தில் அலுமினியமே தின்னப்பட்டு, நடுவில் மிளகளவில் ஒரு துளை. முதல் குளிர்காலத்தில் பழைய பெயின்ரை மெசினால் அரைத்து எடுத்தபோது அந்த இடத்தைத் தான் அளவுக்கு மீறி அரைத்து மெலியப் பண்ணிவிட்டதாக அவர் முடிவு கட்டினார்.

"என்ர கைவேலைதான். பிள்ளை என்னை நம்பி ஏறினவள்," என்றார்.

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே," என்றேன். அந்த வார்த்தையின் பெறுமதி எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன்.

5

ஆவணியில் நிர்வாகத்திடமிருந்து மறுபடி கடிதம் வந்தது. மாத முடிவுக்குள் படகை அகற்ற வேண்டும். நான் பதில் எழுத உட்கார, ஜூட் தடுத்தார்.

"எழுதத் தேவையில்லை. பழைய இரும்பு எடுக்கிற ஒருவர் அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனி வாறன் எண்டவர். குடுத்துவிடுவம்."

அந்த இரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த நேரமும் வீடு கூட்டலாம் என்று ஒரு நினைப்பு வந்தது.

அடுத்தநாள் அவர் சொன்னபடி, திறக்காத ஆணிப் பெட்டியையும் பசைக் குழாயையும் திருப்பிக் கொடுக்கப் படகுச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் ஏன் என்று கேட்டார். அடியில் துளை விழுந்துவிட்டது, ஆணியில் இல்லை, அலுமினியத்திலேயே, என்று என் நொர்ஸ்க்கில் சொன்னேன்.

"சுற்றி வெள்ளைத் தூள் இருந்ததா?"

"ஓம்."

"அப்படியென்றால் உள்ளே செம்பு ஏதோ கிடந்திருக்கிறது. உப்புத்தண்ணீரில் செம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். ஒரு நாணயம் விழுந்து கிடந்தாலே போதும். நாணயம் ஏதாவது போட்டீர்களா?"

"நாணயம் இல்லை," என்றேன். அது பொய்யில்லை.

ஊர்ப் படகு மரம். செம்பு அதை ஒன்றும் செய்யாது. ஓடுகிற படகு எதனால் செய்தது என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது, உயர்தரத்தில் வர்த்தகம் படிக்காமல் விஞ்ஞானம் படித்திருந்தால் தெரிந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அப்படியெல்லாம்தான் யோசித்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்பதை மட்டும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன். சொன்னால், தன் கைவேலை பிழையில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும், படகு எங்களிடமே நிற்கும். படகு நின்றால் ஆரணி ஏறுவாள். சொல்லாவிட்டால் சனிக்கிழமை எல்லாம் முடிந்துவிடும், நான் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை.

எட்டு நாள் அப்படி இருந்தேன்.

எட்டாம் நாள் ஆரணியின் சைக்கிளில் பிரேக் தளர்ந்துவிட்டது என்று அவள் உருட்டிக்கொண்டு வந்தாள். ஒரு நிமிட வேலை. ஜூட் குந்தியிருந்து திருகாணியை முடுக்கினார். பிறகு எழும்பி, "இஞ்ச, இதை ஒருக்கா இழுத்துப் பாரும்," என்று என்னைக் கூப்பிட்டார். இழுத்தேன். பிடித்தது.

"பிடிக்குது."

அவர் தானும் ஒருதரம் இழுத்துப் பார்த்தார். பிறகு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நாளைக்குக் கடையில குடுப்பம். அவங்கள் பார்த்துச் சொல்லட்டும்," என்றார்.

ஆரணி அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நொர்ஸ்க்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் மேலே போய்க் காலுறையை எடுத்துக்கொண்டு வந்து, குசினி மேசையில் அவருக்கு முன்னால் தகட்டை வைத்தேன். கடைக்காரப் பெண் சொன்னதையும் சொன்னேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சையை நகத்தால் சுரண்டினார்.

"அப்ப நான் அரைச்சதால இல்லை," என்றார்.

"இல்லை."

"கடைக்கு எப்ப போனனீர்?"

"போன வெள்ளி."

விரலால் எண்ணினார். "எட்டு நாள் தெரிஞ்சுகொண்டு இருந்தனீர்."

தகட்டை ஒளித்து வைத்தது பற்றி ஏதும் கேட்கவில்லை. அந்த எட்டு நாளைத்தான் கேட்டார். "எனக்கு அவள் கடலுக்குப் போறது ஏலாது," என்றேன். அது பதிலில்லை என்று இருவருக்கும் தெரியும். அவர் எழும்பிக் கராஜுக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்து கதவில் நின்றுகொண்டு சொன்னார்: "அந்தாளுக்கு வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். நீர் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதும்." போகத் திரும்பியவர், "அம்மாவுக்கு இதைச் சொல்லாதையும், பாவம்," என்றார். பிறகு, "உங்கட அம்மன் எங்கட அந்தோனியாரைக் கவுத்துப் போடப் பார்த்தவ, என்ன," என்றார். சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு அது போதுமாயிருந்தது.

இந்தமுறை கடிதத்தில் ஒருதரம்தான் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாதம் தந்தார்கள்.

6

துளை இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புது அலுமினியத் துண்டு, சுற்றிவரப் பசை, பன்னிரண்டு ஆணிகள். நான் மறுபடி மெத்தையில் படுத்தேன். அவர் இரண்டு தரம் தட்டினார். நான் ஒருதரம் தட்டினேன். பன்னிரண்டில் ஒன்று கோணியது. அது என் பிழைதான். அவர் அதைத் துளைத்து எடுத்தார்.

தகடு இப்போது ஆரணியின் மிதவைச் சட்டைப் பையில் இருக்கிறது. அவரே அதை ஒரு பிளாஸ்ரிக் டப்பிக்குள் போட்டு, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டினார். "இது அலுமினியத்தில முட்டாது," என்றார். அந்த எட்டு நாளைப் பற்றி அவர் இன்னும் பேசவில்லை. ஒருநாள் பேசுவார் என்று காத்திருக்கிறேன்.

நேற்று, சனிக்கிழமை, மறுபடி படகுக்குள் தண்ணீர் ஊற்றினோம். ஆரணிக்கு இப்போது ஒன்பது வயது. சோக்கட்டியோடு குனியவில்லை. மேலே அப்பாவோடு ஏறி, முழங்கால் தெரியச் சப்பாத்தில்லாமல் தண்ணீரில் நின்றாள். அவள் காலடித்து விளையாடும் சத்தம் அலுமினியத்தில் என் தலைக்கு மேலே கேட்டது. நான் அடியில் படுத்திருந்து புது ஒட்டுத் துண்டைப் பார்த்தேன். கையால் தடவினேன். காய்ந்திருந்தது. கொஞ்சம் பொறுத்து, விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுக்கொண்டு வந்தேன்.

மேலிருந்து ஜூட் கேட்டார்: "என்ன, கசியுதோ?"

அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. நான் சொல்வதுதான் சரி. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் இந்த வருடம் கடல் முடிந்துவிடும், குளிர் வந்துவிடும். யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. நான் சொல்வதை அவர் இனிச் சரிபார்க்கவும் மாட்டார் என்று ஏனோ எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

இன்னொரு தரம் தடவிப் பார்த்தேன்.

"இல்லை," என்றேன். "ஒரு சொட்டும் இல்லை."

இன்று ஞாயிறு. ஒன்பது மணிக்குப் போனார்கள். ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். தரையில் காலைச் சாப்பாட்டுப் பாண் துகள்கள் கிடக்கின்றன. நான் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டு, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.